மெயில் என் டிஸ்க்ல, அட்ரஸ் என் பேர்ல

போன வருஷம் ஒரு காலைல மெயில் திறக்கப் போனா பாஸ்வேர்ட் தப்புன்னு வந்துச்சு. தப்பு இல்லன்னு எனக்கு நல்லாவே தெரியும், திரும்பப் போட்டேன், மூணாவது தடவை பாதுகாப்பு காரணத்துக்காக கணக்கை நிறுத்தி வச்சிருக்கோம்னு ஒரு பக்கம் வந்து நின்னுச்சு. எந்த கம்பெனின்னு இங்க வேண்டாம். பழைய போன் நம்பருக்கு கோட் அனுப்புறோம்னாங்க, அந்த நம்பர் என் கைய விட்டுப் போயி பல வருஷம் ஆச்சு. ஃபார்ம் நிரப்பினேன், திரும்ப நிரப்பினேன், பதிலுக்கு ஒரே மாதிரி தானா வர்ற மெயில். ஒன்பது நாள் கழிச்சு ஒரு விளக்கமும் இல்லாம கணக்கு திறந்துச்சு.

அந்த ஒன்பது நாள்ல எனக்கு வேலை சம்பந்தமான மெயில் பத்தி கவலை இருந்துச்சு, ஆனா தூக்கம் போனது அதனால இல்ல. அப்பா 2001-லேர்ந்து 2004 வரைக்கும் எனக்கு எழுதின மெயில் எல்லாம் அந்த கணக்குக்குள்ள தான் இருக்கு. அப்பா இப்ப இல்ல. அவர் கையெழுத்துல எங்ககிட்ட இருக்கறது நாலஞ்சு காகிதம் தான், மத்தபடி அவர் எனக்குன்னு உட்கார்ந்து எழுதினது எல்லாம் மெயில் தான், அது மொத்தமும் யாரோ ஒருத்தரோட கம்ப்யூட்டர்ல பூட்டிக் கிடக்குது, திறக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது நான் இல்ல.

அதுவரைக்கும் மெயில் எல்லாம் என் போன்ல இருக்குன்னு தான் நம்பிட்டு இருந்தேன், ஆப்ப திறந்தா லிஸ்ட் வருதுல்ல. நெட்ட ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை கீழ வரைக்கும் போய் பாருங்க. பல ஆப் சமீபத்துல வந்த மெயில மட்டும் தான் போன்ல வைக்குது, என்னோடதுல கடைசி 30 நாள், அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் நாம தொடும்போது சர்வர்லேர்ந்து எடுத்துக் காட்டுது. அட்டாச்மென்ட் நாம தனியா இறக்கி வச்சா தான் உண்டு. என் போன்ல இருந்தது மெயில் இல்ல, மெயிலுக்கு ஒரு ஜன்னல்.

கணக்கு திறந்த அன்னிக்கு ராத்திரியே வேலைய ஆரம்பிச்சேன். இதுல எனக்கு இப்ப ஒரே ஒரு கொள்கை தான் இருக்கு, கம்பெனி தபால்காரரா இருக்கட்டும், தபால் பெட்டியும் வீட்டு விலாசமும் நம்மகிட்ட இருக்கணும். மெயில் ஃபைல் என் டிஸ்க்ல, அட்ரஸ் என் டொமைன்ல, அதாவது நான் வாங்கின இணையப் பேர்ல. இந்த ரெண்டும் இருந்தா நடுவுல எந்த கம்பெனி வந்தாலும் போனாலும் சமாளிச்சுக்கலாம்.

முதல்ல சர்வர்லேர்ந்து மெயில எடுக்கற வழி பாப்3-ஆ ஐமேப்பான்னு ஒரு கேள்வி வரும். பாப்3 இப்ப நாம பயன்படுத்துற வடிவத்துல 1996-ல ஆர்எஃப்சி 1939-ங்கிற இன்டர்நெட் விதிமுறை ஆவணமா வந்தது, சர்வர் பெட்டிக்குப் போய் இருக்கறத எடுத்துட்டு வர்றது தான் அதோட வேலை, ஃபோல்டர்னு ஒண்ணு அதுக்கு தெரியாது. செட்டிங்க மாத்தலன்னா சில மென்பொருள் எடுத்த கையோட சர்வர்ல அழிச்சிடும். ஐமேப் அதை விட பழசு, 1986-ல மார்க் கிறிஸ்பின் உருவாக்கினது, சர்வர்ல உள்ள ஃபோல்டர், படிச்சது படிக்காதது, பதில் போட்டதுங்கிற குறி எல்லாத்தையும் சேர்த்துப் பேசும். எனக்கு ஃபோல்டரும் குறியும் வேணும், அதனால ஐமேப். ஒரே ஒரு இன்பாக்ஸ் போதும், சர்வர்ல எதுவும் தங்கக் கூடாதுன்னு நினைக்கிறவங்களுக்கு பாப்3 இன்னிக்கும் சரியான பதில் தான், அதை பழசுன்னு ஒதுக்க வேண்டாம்.

டெர்மினல்ல கமாண்ட் அடிக்க விரும்பாதவங்க தண்டர்பேர்ட்ங்கிற மெயில் மென்பொருள போட்டுக்கங்க, நிஜமா போதும். கணக்க சேர்த்ததும் அதோட செட்டிங்ல சிங்க், ஸ்டோரேஜ்னு ஒரு பகுதி இருக்கும், அதுல எல்லா மெயிலையும் இந்த கம்ப்யூட்டர்ல வைன்னு டிக் இருக்கான்னு பாருங்க, எத்தனை நாள் மெயில்ங்கிறதுல எல்லாம்னு இருக்கணும். அது வழக்கமா எம்பாக்ஸ் வடிவத்துல சேமிக்கும், அதாவது ஒரு ஃபோல்டர் முழுக்க ஒரே நீளமான ஃபைல். அதுல ஒரு மெயில அழிச்சா ஃபைல்லேர்ந்து உடனே போகாது, காம்பாக்ட்னு ஒண்ணு கொடுத்தா தான் இடம் காலியாகும்.

நான் எடுத்தது எம்பிசிங்க், சர்வர் மெயிலையும் டிஸ்க் மெயிலையும் ஒத்துப்போக வைக்கிற ப்ரோகிராம். ஐசிங்க்ங்கிற பேர்ல லினக்ஸ் ரெப்போல, அதாவது மென்பொருள் கிடங்குல கிடைக்கும், முதல்ல எழுதினது மட் மெயில் ப்ரோகிராம எழுதின மைக்கேல் எல்கின்ஸ், இப்ப வருஷக்கணக்கா பார்த்துக்கறது ஆஸ்வால்ட் புட்டன்ஹேகன். செட்டிங் எழுதற கான்ஃபிக் ஃபைல்ல தூரத்துல ஒரு ஸ்டோர், அதாவது மெயில் இருக்கற இடம், பக்கத்துல ஒரு ஸ்டோர், நடுவுல ஒரு சேனல், அவ்வளவு தான். தூரத்துல ஐமேப், போர்ட் 993. பக்கத்துல மெயில்டிர்ங்கிற சேமிப்பு வடிவம். பாஸ்வேர்ட அந்த ஃபைல்லயே எழுதி வைக்காதீங்க, பாஸ்வேர்ட பத்திரமா வைக்கிற கீரிங்லேர்ந்தோ, ஜிபிஜிங்கிற குறியாக்க மென்பொருள்ல பூட்டின ஃபைல்லேர்ந்தோ ஒரு கமாண்ட் வச்சு எடுத்துக்கற வசதி அதுலயே இருக்கு.

பாஸ்வேர்ட்னு சொன்னதும் இன்னொண்ணு. பெரிய கம்பெனிகள்ல இப்ப வெறும் பாஸ்வேர்ட் செல்லாது. கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழிய 2022 மே 30-லேர்ந்து மூடிருச்சு, ரெண்டடுக்கு சரிபார்ப்பு போட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒண்ணு எடுத்துக்கணும். மைக்ரோசாஃப்ட் பக்கம் தனிநபர் கணக்குக்கு 2024 செப்டம்பர்லேர்ந்து பாஸ்வேர்டுக்கு பதிலா தற்காலிக டோக்கன் கொடுக்கற ஓஆத்2 இல்லாம முடியாது. தண்டர்பேர்ட் அதை தானே பார்த்துக்கும், எம்பிசிங்க்குக்கு தனியா ஒரு ஸ்க்ரிப்ட் வச்சு டோக்கன் எடுத்துக் கொடுக்கணும், ஒரு சாயங்காலம் போகும். ஐமேப் பொதுவான வழின்னு சொல்லிட்டு கதவுல ஆளாளுக்கு ஒரு பூட்டு போடுறது எனக்குப் பிடிக்கல, பாதுகாப்பு காரணம் நியாயம் தான்னாலும்.

ஜிமெயில் கணக்கு ஒண்ணும் இருந்துச்சு, அதையும் இறக்கினேன். அங்க ஃபோல்டர் கிடையாது, லேபிள் தான், ஐமேப் வழியா பார்க்கும்போது ஒவ்வொரு லேபிளும் ஒரு ஃபோல்டர் மாதிரி தெரியும், அதனால மூணு லேபிள் ஒட்டின மெயில் மூணு தடவை இறங்கும், எல்லாமே இருக்கற ஆல் மெயில்ல நாலாவதா ஒண்ணு. நான் ஆல் மெயில மட்டும் எடுத்துட்டு மத்ததெல்லாம் வேண்டாம்னு பேட்டர்ன்ல எழுதிட்டேன். ஐமேப்ல ஒரு நாளைக்கு 2,500 எம்பி தான் இறக்கலாம்னு ஒரு வரம்பும் இருக்கு, அதைத் தாண்டினா கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பாங்க, எனக்கு 9 ஜிபி இருந்ததால நாலு நாள் ஆச்சு. அவசரம்னா கூகுளோட டேக்அவுட்ல கேட்டா எம்பாக்ஸா மொத்தமா கொடுப்பாங்க.

இப்ப நான் பண்ணின பெரிய தப்பு, இதைப் படிக்கிற யாரும் பண்ணிடக் கூடாதுன்னு எழுதுறேன். கான்ஃபிக்க நெட்ல கிடைச்சத அப்படியே எடுத்துப் போட்டேன், அதுல எக்ஸ்பஞ்ச், அதாவது அழிக்கறதுங்கிற இடத்துல ரெண்டு பக்கமும்னு இருந்துச்சு. எல்லாம் இறங்கி முடிஞ்ச சந்தோஷத்துல, இனி சர்வர்ல எதுக்குன்னு, அங்க ஒரு பழைய ஃபோல்டர ப்ரவுசர்ல போய் காலி பண்ணினேன். அடுத்த பத்து நிமிஷத்துல டைமர் ஓடுச்சு, எம்பிசிங்க் சொன்ன வேலைய சரியா செஞ்சுது, அங்க இல்லையா, இங்கயும் வேண்டாம்னு என் டிஸ்க்லேர்ந்தும் அழிச்சிருச்சு. நான் ஸ்க்ரீன்ல நம்பர் குறையறத பார்த்துட்டே இருந்தேன். முந்தின நாள் ராத்திரி வெளி டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து வச்சிருந்தேன், அதனால தப்பிச்சேன். சிங்க் வேற, பேக்கப் வேற. சிங்க்ங்கிறது ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி ஆக்குறது, தப்பையும் சேர்த்து.

அதுக்கப்புறம் சேனல்ல கீழ இழுக்கறது மட்டும்னு மாத்திட்டேன், அதுலயும் புதுசா வந்தது மட்டும், அழிக்கறது எந்தப் பக்கமும் கிடையாது. படிச்ச குறி சர்வருக்குப் போகாது, போனா நல்லா தான் இருக்கும், இல்லன்னாலும் எனக்கு பரவாயில்ல. தினம் ராத்திரி மெயில் ஃபோல்டர் முழுக்க ரெஸ்டிக்ங்கிற பேக்கப் ப்ரோகிராம் வச்சு வெளி டிஸ்க்குக்கு ஒண்ணு, வேற இடத்துல இருக்கற டிஸ்க்குக்கு ஒண்ணு. மாசம் ஒரு தடவை அதுலேர்ந்து ஏதாவது ஒரு ஃபோல்டர திரும்ப எடுத்துத் திறந்து பார்க்கறேன், எடுத்துப் பார்க்காத பேக்கப்ப நம்ப முடியல.

வெளி டிஸ்க் பத்தி சின்ன விஷயம், ஆனா பல பேர் மாட்டிக்கற இடம். மெயில்டிர்ல ஒவ்வொரு மெயிலும் தனி ஃபைல், ஃபைல் பேரோட கடைசியில ஒரு முக்காற்புள்ளி, அதாவது கோலன், அதுக்குப் பின்னாடி 2, ஒரு கமா, அப்புறம் எழுத்து. எஸ் இருந்தா படிச்சாச்சு, ஆர் இருந்தா பதில் போட்டாச்சு, எஃப் இருந்தா நட்சத்திரம். குறி எல்லாம் ஃபைல் பேர்லயே இருக்கறதால தனியா டேட்டாபேஸ் எதுவும் வேண்டாம், டேனியல் பெர்ன்ஸ்டீன் யோசிச்சது, எனக்கு ரொம்பப் பிடிச்ச வடிவமைப்பு. டிம்ப், நியூ, கர்னு மூணு ஃபோல்டர் தான், டிம்ப்ல முழுசா எழுதி முடிச்ச பிறகு தான் நியூவுக்கு நகரும், பாதியில கரன்ட் போனாலும் அரைகுறை மெயில் இன்பாக்ஸ்ல வராது. ஆனா அந்த கோலன் இருக்கே, அதை எக்ஸ்ஃபேட் முறையில ஃபார்மேட் பண்ணின டிஸ்க் ஏத்துக்காது, விண்டோஸும் ஏத்துக்காது. இழுத்துப் போட்டா ஒவ்வொரு ஃபைலுக்கும் எரர் வரும். டார்ல கட்டி ஒரே ஃபைலா போடுங்க, இல்ல ரெஸ்டிக், போர்க் மாதிரி ஒண்ணு வச்சுக்கங்க.

எல்லாம் இறங்கின பிறகு 61,000-க்கு மேல ஃபைல். அப்பா பேர போட்டு கிரெப், அதாவது ஃபைலுக்குள்ள தேடற கமாண்ட் அடிச்சேன். தமிழ்ல அடிச்சா ஒண்ணு கூட வரல.

காரணம் இது தான். மெயில் அமைப்பு உருவான காலத்துல 7 பிட் ரோமன் எழுத்துக்கு மட்டும் தான் இடம், மெயில் அனுப்புற முறையான எஸ்எம்டிபி 1982-ல வந்தது, தமிழ் மாதிரி எழுத்தெல்லாம் பின்னாடி மைம்னு ஒரு உறைக்குள்ள மடிச்சு வச்சு அனுப்புற ஏற்பாடு. தலைப்புல "வணக்கம்"னு நீங்க எழுதினாலும் ஃபைலுக்குள்ள அது பேஸ்64-ல ரோமன் எழுத்துக் கூட்டமா தான் கிடக்கும், உள்ளயும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால மடிப்பைப் பிரிச்சுப் படிக்கத் தெரிஞ்ச தேடல் வேணும். நாட்மச் போட்டேன், அது மொத்தத்தையும் பிரிச்சு சேப்பியன்ங்கிற தேடல் இண்டெக்ஸ்ல ஏத்தி வச்சுக்கும், மெயிலுக்குள்ள எதையும் மாத்தாது. 61,000 மெயிலையும் ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஏத்திருச்சு. இப்ப நெட் இல்லாம தேடினாலும் கண் சிமிட்டற நேரம் தான். தமிழ்ல தேடும்போது வார்த்தைக்கு அப்புறம் ஒரு நட்சத்திரம் போடப் பழகிக்கங்க, "கடிதம்", "கடிதத்தை", "கடிதத்துல"ன்னு நம்ம வால் நீளம், "கடித" போட்டு நட்சத்திரம் வச்சா எல்லாம் வந்துரும்.

நாட்மச்லயும் அப்பா மெயில்ல பாதி தான் வந்துச்சு. மீதி ஃபைல் இருக்கு, அனுப்பினவர் பேர் இருக்கு, திறந்தா உள்ள முக்கால் அடையாளம், கொம்பு முளைச்ச ஏ, சென்ட் அடையாளம், கொம்பு முளைச்ச யூ. வரிசையா இந்த நாலும் திரும்பத் திரும்ப வந்துட்டே இருந்துச்சு. ப்ரவுசர்ல பார்த்தப்பவும் பல வருஷமா இப்படித்தான் தெரிஞ்சுது, கெட்டுப் போயிருச்சுன்னு விட்டிருந்தேன்.

அந்த நாலு எழுத்து "தமிழ்". அப்பா இந்த மெயிலெல்லாம் டிஸ்கிங்கிற பழைய தமிழ் குறியீட்டு ஃபான்ட்ல அடிச்சிருக்கார், இப்ப எல்லாரும் பயன்படுத்துற யூனிகோட் பரவலாகாத காலம் அது. டிஸ்கியில 128-க்கு மேல உள்ள இடங்கள்ல தமிழ் எழுத்துகள வச்சிருந்தாங்க, த ஒரு பைட், ம ஒரு பைட், இகரக் கொக்கி ஒரு பைட், ழ் ஒரு பைட், "தமிழ்" மொத்தம் 4 பைட்ல முடிஞ்சிரும். இன்னிக்கு யூனிகோடோட யூடிஎஃப்8 வடிவத்துல அதே வார்த்தை 15 பைட். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர் அதே பைட்ட மேற்கு ஐரோப்பிய எழுத்துன்னு நினைச்சுக் காட்டுது. கெட்டுப் போகவே இல்ல, தப்பான கண்ணாடி போட்டுப் படிச்சிட்டு இருந்திருக்கோம்.

லினக்ஸ்ல ஐகான்வ்னு ஒரு கமாண்ட் இருக்கு, குறியீடு மாத்தறதுக்கு. லினக்ஸோட அடிப்படை நூலகமான ஜிலிப்சியோட வர்ற ஐகான்வுக்கு டிஸ்கி தெரியும், யாரோ மெனக்கெட்டு எழுதி வச்சிருக்காங்க, அவங்களுக்கு என் வணக்கம். முதல் மெயில எடுத்து, கோட்டட் பிரிண்டபிள்ங்கிற மெயில் மடிப்பைப் பிரிச்சு, டிஸ்கியிலேர்ந்து யூடிஎஃப்8-க்கு மாத்தி திரையில விட்டேன். டிஸ்கியில ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னாடி அடிக்கணும், யூனிகோட்ல பின்னாடி வைக்கணும், அதையும் அதுவே சரியா திருப்பிப் போட்டுக் கொடுத்துச்சு.

"கண்ணு, நீ அனுப்புன போட்டோ கெடச்சுது. அம்மா ரெண்டு தடவ பாத்தா. வெயிட் கொறஞ்சாப்ல இருக்குதுங்கறா, எனக்கு அப்பிடித் தோணல." இப்படி ஆரம்பிச்சுது. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு இதைப் படிச்சு. அக்காவுக்கு அப்படியே போன்ல அனுப்பினேன், உடனே கூப்பிட்டா, "டேய் இது எங்கடா இருந்துச்சு, எனக்கு எழுதினதும் இருக்குமாடா"ன்னு. அவளுக்கு வந்தது அவளோட பழைய கணக்குல இருந்துச்சு, அந்தக் கணக்க பல வருஷம் திறக்காம விட்டதுல கம்பெனி அழிச்சிருச்சு. எனக்கும் சேர்த்து அப்பா அனுப்பினது மட்டும் தான் இருக்கு, 38 மெயில், அதை தனியா எடுத்துக் கொடுத்தேன்.

மூல ஃபைல நான் தொடல, மாத்தினது பக்கத்துல வேற ஃபோல்டர்ல. மூலம் அப்படியே இருந்தா நாளைக்கு இதை விட நல்ல வழி வந்தா திரும்ப பண்ணலாம். ப்ரவுசர் பக்கத்துல பார்த்துட்டு இருந்த வரைக்கும் அவங்க காட்டற விதத்துல தான் என்னால பார்க்க முடிஞ்சுது, பைட் என் கைல இருந்ததால தான் இது நடந்துச்சு.

அடுத்தது அட்ரஸ். மெயில் டிஸ்க்ல இருந்தாலும் அட்ரஸ் கம்பெனி பேர்ல இருந்தா நாளைக்கு வரப்போற மெயில் அவங்க தயவுல தான். சொந்தமா ஒரு டொமைன் வாங்கி மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற அதோட எம்எக்ஸ் ரெக்கார்ட ஒரு மெயில் கம்பெனி பக்கம் திருப்பினேன். கம்பெனி பிடிக்கலன்னா ரெக்கார்ட மாத்தி வேற பக்கம் திருப்பிக்கலாம், எழுதறவங்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. அனுப்பறது நிஜமா நீங்க தான்னு காட்டற எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணையும் கம்பெனி சொல்றபடி டிஎன்எஸ்ல, அதாவது டொமைனோட விவரப் பட்டியல்ல போட்டுருங்க, இல்லன்னா நீங்க அனுப்பறது ஸ்பாம்ல விழும். சொந்த சர்வர் வைக்கலாமேன்னு கேப்பாங்க. வாங்கறது சுலபம், அனுப்பறது கஷ்டம், புது ஐபி முகவரிய பெரிய கம்பெனிகள் நம்பறதுக்கு ரொம்ப நாள் ஆகும், என்னால அதைக் காவல் காக்க முடியாது, அதனால அந்த வேலைக்கு காசு கொடுத்துடறேன்.

டொமைன்ல ஒரு ஆபத்து உண்டு, மறந்து போயி காலாவதி ஆச்சுன்னா வேற யாராவது வாங்கி உங்க பேர்ல வர்ற மெயில் எல்லாத்தையும் படிப்பாங்க, பாஸ்வேர்ட் மாத்தற மெயில் உட்பட. ஆட்டோ ரினியூ போட்டு, முடிஞ்சா சில வருஷத்துக்கு சேர்த்து கட்டிருங்க. டொமைன் வாங்கின இடத்துல உங்க தொடர்பு மெயிலா அதே டொமைன் அட்ரஸ கொடுக்காதீங்க, டொமைன் படுத்தா அதை எழுப்பற மெயிலும் சேர்ந்து படுத்துரும். அப்புறம் லேப்டாப் டிஸ்க் முழுக்க லினக்ஸோட டிஸ்க் குறியாக்கமான லக்ஸ்ல பூட்டியிருக்கணும், இத்தனை மெயில் ஒரே இடத்துல இருக்கும்போது இதுல சமரசம் வேண்டாம்.

அனுப்பறதுக்கு எம்எஸ்எம்டிபி, கூடவே வர்ற க்யூ ஸ்க்ரிப்ட். நெட் இல்லாதப்ப எழுதினது வரிசையில நிக்கும், நெட் வந்ததும் போகும். படிக்க நியோமட், சில நாள் தண்டர்பேர்ட், ரெண்டும் பக்கத்து பக்கத்துல. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை இழுக்கறேன், நடுவுல எதுவும் மணி அடிக்கறதில்ல. இந்த அமைதிய நான் எதிர்பார்க்கல, ஆனா இனி விட மாட்டேன்.

ரெண்டு மாசம் முன்னாடி மெயில் கம்பெனிய மாத்தினேன். முதல்ல டிடிஎல்ல, அதாவது பழைய ரெக்கார்ட மத்த சர்வர்கள் ஞாபகம் வச்சிருக்கற நேரத்த, குறைச்சு வச்சேன், மறுநாள் எம்எக்ஸ மாத்தினேன், பழையதையும் ரெண்டு வாரம் இழுத்துட்டே இருந்தேன், டிஸ்க்ல இருந்ததை புது சர்வர்ல ஏத்தினேன். மத்தியானத்துக்குள்ள புதுப் பக்கம் மெயில் வர ஆரம்பிச்சுது. யாருக்கும் நான் சொல்லல, யாரும் கேக்கவும் இல்ல.

அப்பா மெயில்ல இன்னும் 11 பாக்கி இருக்கு. ஐகான்வ்ல டிஸ்கின்னு சொல்லிக் கொடுத்தா குப்பையா வருது, அப்ப அவர் வேற ஏதோ ஃபான்ட் பயன்படுத்தியிருக்கணும், தேதிய வச்சுப் பார்த்தா எல்லாம் ஒரே மாசத்துல, யாரோ ஒருத்தரோட கம்ப்யூட்டர்லேர்ந்து எழுதினது மாதிரி இருக்கு. எல்லாத்துலயும் முதல் வார்த்தை "கண்ணு"வா தான் இருக்கணும், அதுலேர்ந்து மூணு எழுத்து தெரிஞ்சுருச்சு, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உட்கார்ந்து அட்டவணை போட்டுட்டு இருக்கேன். பழைய தமிழ் ஃபான்ட் குறியீடு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, பைட் வரிசைய அனுப்பறேன்.